கைப்பிடிக்குள் இருக்கும் வெளி

மும்பைத் தாராவியில், சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலை நெடுகத் தோல்பொருள் கடைகள். அங்கே விற்கும் கைப்பைகளைப் போன்றவற்றை இன்று இணையத்திலும் வாங்குகிறார்கள். அதற்குப் பின்னணி வெள்ளையாக உள்ள படம் வேண்டும். பட்டறையின் நீலச் சுவரோரம் வைத்து எடுத்த படத்தில், பையின் வெளிவிளிம்பைச் சுற்றி வெட்டிவிடுகிறோம். ஆனால் கைப்பிடி வளைவுக்கும் பைக்கும் நடுவே நீலச் சுவர் அப்படியே நிற்கிறது. நல்ல தோலும் நல்ல தையலும் அந்த ஒரு துண்டு நீலத்தால் மட்டமாகத் தெரிகின்றன. அந்த இடைவெளியைச் சரியாகத் திறப்பதுதான் ‘காம்பவுண்ட் பாத்’, அதாவது கூட்டுப்பாதை.

முதலில் பாதை என்றால் என்ன? போட்டோஷாப்பில் பென் டூலை எடுத்து, பையின் விளிம்பில் புள்ளி வைத்துக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நீளும் கைகளை இழுத்தால் கோடு வளைகிறது. ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெஸியே 1960-களில் காரின் உடல்வடிவை வரையக் கையாண்ட வளைவுகள் இவை. புள்ளிகள் குறையக் குறைய விளிம்பு வழவழப்பாக வரும்.

இனி உள்பாதை. திருநெல்வேலிப் பக்கத்து முற்றம் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாராவித் தமிழர் பலருக்கு அதுதான் பூர்வீகச் சீமை. வெளிச்சுவர் ஓர் எல்லை, முற்றத்தின் ஓரம் இன்னோர் எல்லை. இரண்டுக்கும் நடுவேதான் ஓடு வேய்ந்திருக்கும். முற்றத்தில் மழை விழும். எல்லை இரண்டு, வீடு ஒன்று. கூட்டுப்பாதையும் அப்படித்தான்: பாதை இரண்டு, வடிவம் ஒன்று.

எது வீடு, எது முற்றம் என்று கணினி எண்ணிப் பார்த்தே அறிகிறது. ஒரு புள்ளியிலிருந்து வெளியே நேர்கோடு விட்டால், அது கடக்கும் எல்லைகள் ஒற்றைப்படையானால் உள், இரட்டைப்படையானால் வெளி. அறையிலிருந்து தெருவுக்கு ஓர் எல்லை. முற்றத்துக் குறுக்கே போனால் மூன்று, அதுவும் ஒற்றைதான். முற்றத்திலிருந்து புறப்பட்டால் இரண்டு. இன்னொரு விதி, கோடு வரைந்த திசையைப் பார்க்கும். அதில் வெளிப்பாதையும் உள்பாதையும், ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும், எதிரெதிராக ஓடினால்தான் நடுவே திறக்கும். இரண்டும் ஒரே பக்கம் ஓடினால் ஓட்டை அடைபட்டுவிடும். அப்போது உள்பாதையின் திசையைத் திருப்பினால் போதும்.

செய்முறை எளிது. போட்டோஷாப்பில் ‘எக்ஸ்க்ளூட் ஓவர்லாப்பிங் ஷேப்ஸ்’ முறையை வைத்து இரண்டு பாதைகளையும் வரையலாம். இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டையும் பிடித்துக் கன்ட்ரோல் 8. கோரல் டிராவில் கன்ட்ரோல் எல்.

பாதை வெறும் கோடு. போட்டோஷாப்பில் கன்ட்ரோல் என்டர் தட்டினால் அது செலக்‌ஷன் ஆகிறது. இப்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு: 0 முழுக்க வெளியே, 255 முழுக்க உள்ளே, இடையில் உள்ளவை ஓரளவு உள்ளே. பையின் உடலுக்குப் பாதை பொருந்தும். ஜிப்பில் தொங்கும் நூல் குஞ்சத்துக்குச் செலக்‌ஷனின் இந்த மென்மைதான் வேண்டும்.

எழுத்துக்கும் இதே இலக்கணம். மும்பையின் ஏக் டைப் குழு ‘முக்த மலர்’, ‘பலூ தம்பி’ என்ற தமிழ் எழுத்துருக்களைத் தந்திருக்கிறது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் க, ம, வ ஆகியவற்றின் வயிற்றில் ஓர் உள்பாதை உண்டு. இந்த எழுத்துகளை ஸ்டிக்கராக வெட்டும் இயந்திரத்தில் மை கிடையாது; கத்தி பாதையை மட்டுமே பின்தொடரும். பழைய எழுத்துருக்களில் ‘கி’யின் மேல்விலங்கு தனித்துண்டாகக் ககரத்தின்மேல் படிந்திருக்கும். கோரல் டிராவின் ‘வெல்ட்’ கட்டளை கொடுத்து ஒன்றாக்காமல் அனுப்பினால், கத்தி எழுத்துக்குக் குறுக்கே கீறிவிடும்.

வேலையை முடிக்குமுன் பையின் அடியில் அடர்சிவப்பில் ஒரு லேயர் போட்டுப் பாருங்கள். கைப்பிடிக்குள் சிவப்பு தெளிவாகத் தெரிந்தால்தான், பையைத் தைத்தவரின் உழைப்பு வாங்குபவர் கண்ணுக்கு முழுதாகப் போய்ச் சேரும்.