ஒறிஜினல் எது?

உங்கள் பழைய தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கங்கள், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு இலக்கங்களும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் நீங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்கள் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். பிறகு மூன்று தொடரிலக்கங்கள். ஒன்பதாவது இலக்கத்துக்கு மட்டும் உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அது முன்னால் நிற்கும் எட்டையும் பெருக்கிக் கூட்டி வகுத்துப் பெற்ற விடை. படிவம் நிரப்புபவர் 7ஐ 1 என்று எழுதிவிட்டால் கணக்கு இடிக்கும். 2016இல் வந்த 12 இலக்க அட்டையிலும் கடைசி இலக்கத்துக்கு அதே வேலைதான்.

எட்டு இலக்கத்துக்கு ஓர் இலக்கம் காவல். அப்படியானால் 1.5 கிகாபைட் நிறுவல் கோப்புக்கு எத்தனை காவல் வேண்டும்?

வன்னியில் இது வெறும் கணக்குக் கேள்வி அல்ல. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளையும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையும் இரவு டேட்டாவில் லினக்ஸ் இயங்குதளத்தை இறக்கப் போட்டுவிட்டுப் படுக்கிறார்கள். இடையில் மின்சாரம் போய் வரும். இறக்கியது பிறகு பென்ட்றைவில் ஏறி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று கைமாறும். நாலாவது கைக்கு வந்தது முதல் கையிலிருந்த அதே கோப்புத்தானா? பெயரும் அளவும் ஒன்றாக இருப்பது போதாது.

இதற்கான காவல் 64 எழுத்துகள். மென்பொருளை வெளியிடுபவர்கள் கோப்பின் அருகே ஒரு நீண்ட சரத்தையும் போட்டிருப்பார்கள். இலக்கங்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்தது. ஷா-256 என்ற கணிப்பின் விடை அது. ஹாஷ் என்பார்கள். இறக்கிய கோப்பை நீங்களும் அதே கணிப்பில் போட்டால் அதே சரம் வரவேண்டும். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் ஷா256சம் என்ற இதைச் செய்யக்கூடிய கருவிகள் ஏற்கனவே உள்ளே இருக்கின்றன.

கணிப்பு நடக்கும் விதம் அழகானது. கோப்பு 64 பைட் துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டும் 64 சுற்று கலக்கப்பட்டு, வந்த விடை அடுத்த துண்டைக் கலக்கும்போது உள்ளே போகும். 1.5 கிகாபைட்டில் இரண்டு கோடிக்கு மேல் துண்டுகள். மடிகணினி, ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும். ஆயிரத்து இருநூறு கோடி பிட்டுகளில் ஒன்றே ஒன்று புரண்டாலும் விடையின் 256 பிட்டுகளில் ஏறக்குறையப் பாதி மாறிவிடும். ‘கிட்டத்தட்டச் சரி’ என்ற பேச்சே இல்லை. ஒன்றுமே இல்லாத வெற்றுக் கோப்புக்கும் 64 எழுத்து உண்டு.

இதை வடிவமைத்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. உளவு நிறுவனம் செய்த பூட்டை யார் நம்புவது? இதற்காகவே, கலக்கும்போது சேர்க்கும் 64 மாறிலிகளையும் அவர்கள் மனம்போனபடி எடுக்கவில்லை. முதல் 64 முதன்மை எண்களின் கனமூலங்களில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியிலிருந்து எடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

விடைகள் எத்தனை விதமாக வரலாம்? இரணைமடுக் குளம் முட்ட நிற்கும்போது அதன் தண்ணீரைத் துளித்துளியாக எண்ணினால் 16 இலக்க எண் ஒன்று வரும். இந்தப் பூமியின் அணுக்களை எண்ணினால் 51 இலக்கம். ஷா-256இன் விடைகள் 78 இலக்கம். ஒரு கோப்பின் விடைக்குப் பொருந்துமாறு இன்னொரு கோப்பைச் செய்ய இதுவரை எவராலும் முடியவில்லை. ஆனால் பலர் செய்வதுபோல முன்னால் நாலு, பின்னால் நாலு எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் கதை வேறு. அந்த எட்டும் பொருந்தப் போலி செய்ய 430 கோடி தடவை முயன்றால் போதும். கணினிக்கு அது பெரிய வேலையல்ல. பழைய எம்.டி.5 என்ற கணிப்போ 2004இலேயே உடைந்துவிட்டது: ஒரே விடை தரும் இரு வேறு கோப்புகளைச் சீன ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

கணக்கு உறுதியானதுதான். ஓட்டை வேறிடத்தில். 2016 பெப்ரவரி 20 அன்று, லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் ஒருவர் புகுந்தார். மின்ட் 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பைத் திருப்பி, களவாக உள்நுழையப் பின்கதவு வைத்த கோப்பை இறக்கச் செய்தார். கோப்பு வந்துகொண்டிருந்தது பல்கேரியாவின் சோபியா நகரிலுள்ள ஒரு சேவையகத்திலிருந்து. திட்டத்தின் தலைவர் கிளெமென்ட் லெபெவ்ர் உடனே எச்சரித்து, உண்மையான கோப்புகளின் ஹாஷ்களை வெளியிட்டார். தளத்திலிருந்த ஹாஷையும் போலிக்குப் பொருந்தும்படி தான் மாற்றியிருந்ததாகப் புகுந்தவர் பின்னர் ஒரு செய்தியாளரிடம் சொன்னார். களவு கொடுத்த வீட்டுக்காரனைக் கேட்டாலும் கள்ளன் எழுதி வைத்த விடைதான் வரும்.

ஆகவே கோப்பு மாறவில்லை என்று தெரிந்தால் போதாது. ஹாஷைச் சொன்னது யார் என்பதும் தெரியவேண்டும். இதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சொப்பிங் பையில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் சுற்றி எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். தொலைத்தவர்கள் பிறகு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார்கள். விதானையார் தரும் வதிவிடச் சான்றிதழைப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்டால்தான் வெளியில் செல்லும். விதானையாரைக் கொழும்பில் யாருக்கும் தெரியாது. செயலகத்தின் முத்திரை தெரியும்.

மின்னொப்பத்திலும் இதே ஒழுங்குதான். வெளியிடுபவரிடம் இரண்டு சாவிகள். ஒன்று அவரிடமே மறைவாக இருக்கும். ஹாஷ்களின் பட்டியலில் அதனால் ஒப்பமிடுவார். மற்றது ஊருக்கெல்லாம் கொடுத்தது. அதனால் ஒப்பத்தைச் சோதிக்கலாம், போட முடியாது. தளத்தை உடைத்தவர் கோப்பை மாற்றலாம், ஹாஷை மாற்றலாம். மறைசாவி கையில் இல்லாமல் ஒப்பம் போட முடியாது. ஊருக்குக் கொடுத்த அந்தச் சாவியைத் தளத்தோடு சேர்த்து இறக்காமல் வேறு வழியால், முன்கூட்டியே பெற்றிருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. இங்கேதான் பலர் சோம்பல்படுகிறார்கள், நானும் பட்டிருக்கிறேன்.

ஒப்பமிடுபவரே கள்ளன் என்றால்? அதுவும் நடந்தது, 2024 மார்ச்சில் தெரியவந்தது. எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதில் நல்லபிள்ளையாக வேலை செய்து, வெளியிடும் பொறுப்பையும் பெற்று, 5.6.0 பதிப்பில் பின்கதவு ஒன்றை வைத்தார். ஹாஷ் சரி, ஒப்பமும் சரி. ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியியலாளர் தன் கணினியில் வேறேதோ அளந்துகொண்டிருந்தபோது, உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி பிந்துவதைக் கண்டார். ஏன் பிந்துகிறது என்று தோண்டத் தொடங்கினார்.