கங்காணியும் மறைகண்ணும்

மலாயாத் தோட்டங்களில் வழங்கிய 'கங்காணி' என்னும் சொல் 'கண்காணி' என்பதன் திரிபாகும். உடனிருந்து கண்ணால் கண்டு வேலை வாங்குபவர் என்பது அதன் பொருள். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு ஆள் சேர்த்து வந்தவர்களும் கங்காணிகளே. 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு அந்த ஆள்சேர்ப்பு முடிவுற்றது.

கங்காணியின் கண் யாவரும் அறிந்த கண். இன்று அம்மலைத் தோட்டங்களில் பயணிகளுக்கான தேநீர்க் கூடங்களும் தேயிலைக் கடைகளும் உள்ளன. இத்தகைய கடைகளில் விற்பனை எவ்வாறு நடக்கிறது என்பதை அறிய, பல நாடுகளில் மறைந்த கண் ஒன்று பயன்படுகிறது. முதலாளி அமர்த்திய ஒருவர் வாடிக்கையாளர்போல் வந்து, பொருள் வாங்கி, கண்டதை எழுதித் தருவார். 'மிஸ்டரி ஷாப்பர்' எனப்படும் இவரை மறை வாடிக்கையாளர் எனலாம். சிலர் சட்டைப் பொத்தானளவு கேமராவால் படமும் பிடிப்பர்.

இம்முறை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் 59-ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல், ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்கிறது. படக்கருவி அந்த இரண்டாம் ஒற்றன் எனத் தோன்றும். ஆனால் அதைச் சுமப்பவரும் முதல் ஒற்றனே என்பதை மறத்தலாகாது.

இத்தொழிலில் புகுவோர் முதலில் எழுத்து அறிக்கைப் பணிகளில் பழகுதல் நலம். உண்மையான நிறுவனம் பதிவுக் கட்டணம் கேளாது. காசோலையை முன்னதாக அனுப்பி, அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்வது மோசடி. காசோலை பின்னர்ப் பொய்யென்று தெரியும்போது இழப்பு அனுப்பியவருக்கே.

அடுத்து, கருவியை வீட்டிலேயே சோதித்தல் வேண்டும். மின்கலம், கடிகார நேரம், ஒலி மூன்றும் சரியாக இருக்கவேண்டும். குளிருக்கு அணியும் மேலங்கி கேமராவை மறைத்துவிட்டால் பயணமே வீணாகும். கடைக்குள் நுழையுமுன் தொடங்கிய பதிவை வெளியே வந்தபின்னரே நிறுத்தவேண்டும். இடையில் வெட்டுதல் கூடாது.

சட்டமும் அறியத்தக்கது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் உரையாடலைப் பதிவு செய்ய அதில் கலந்துகொள்ளும் அனைவரின் இசைவும் வேண்டும். ஆகவே, ஊழியரிடம் முன்னரே இசைவு பெறப்பட்டதா என்பதை எழுத்தில் கேட்டறிந்த பின்னரே பணியை ஏற்கவேண்டும். பிற வாடிக்கையாளர், குழந்தைகள் ஆகியோரைப் படம் பிடித்தல் தகாது.

எல்லாவற்றினும் தலையாயது நடுநிலை. விடுமுறை நாள் ஒன்றில் தேயிலை விற்கும் பெண் ஐந்து நிமிடம் தாமதித்தாள் எனக் கொள்வோம். படத்தில் அவள் முகமும் தாமதமும் மட்டுமே தெரியும். கேமராவின் பின்னால் நிற்கும் நீண்ட வரிசை தெரியாது. அவ்வரிசையை அறிக்கையில் எழுதாது விட்டால், படம் பொய்யன்று, தீர்ப்பு பொய்யாகும். அவளைச் சினமூட்டிப் பேசவைத்துப் பதிவு செய்வதோ கண்காணிப்பே அன்று, கண்ணி வைத்தலாகும்.

கண்ணெதிரே நின்ற கங்காணியிடம் தொழிலாளி ஒரு மறுசொல்லேனும் சொல்ல முடிந்தது. மறைகண்ணிடம் அதுவும் இயலாது. அப்பெண் சொல்லியிருக்கக்கூடிய மறுமொழியையும் சேர்த்து எழுதுவதே அக்கண்ணுக்குரியவரின் கடமை. அவளுடைய ஊதியமும் வேலையும் அவ்வெழுத்தில் இருக்கின்றன.