கூடம் உண்மையிலேயே கோணலா?

பெரிய கைக்கு ஏற்ற கைப்பிடியைத் தேடும் அறிவியல்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ, பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ வளையல் வாங்கப் போயிருக்கிறீர்களா? கடைக்காரர் நிறத்தைக் கேட்பதற்கு முன் அளவைக் கேட்பார். “2.4-ஆ, 2.6-ஆ?” தெரியவில்லை என்றால் கையை நீட்டச் சொல்வார். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்வார். மணிக்கட்டைவிட விரல் முட்டிகள் இருக்கும் பகுதிதான் அகலம். அதைத் தாண்டினால்தான் வளையல் ஏறும்.

அந்த எண்ணுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. 2.4 என்பது இங்கே தசம எண் அல்ல. 2 அங்குலமும், மேலும் ஓர் அங்குலத்தின் 16 பாகங்களில் 4 பாகமும் என்று பொருள். அதாவது உள்விட்டம் ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். 2.6 என்றால் 60 மில்லிமீட்டர். 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது! ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 3 மில்லிமீட்டர்தான். அந்த 3 மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடி வளையல் ஏறாது. வலிந்து ஏற்றினால் உடையும்.

வளையலுக்கே இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் விளையாட்டில் எவ்வளவு கவனம் வேண்டும்? அந்த விளையாட்டுதான் கைத்துப்பாக்கி சுடுதல். 2017 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் துப்பாக்கி சுடும் பிரிவு நம் கிள்ளான் பள்ளத்தாக்கில், சுபாங்கில் உள்ள தேசிய துப்பாக்கி சுடும் அரங்கில்தான் நடந்தது. 2010 டில்லி காமன்வெல்த் போட்டியில் பெண்களுக்கான 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றவர் மலேசியாவின் பிபியானா இங் பெய் சின்.

பத்து மீட்டர், 11.5 மில்லிமீட்டர்

இந்தப் போட்டியில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈய ரவையைத் தள்ளுகிறது. வீரர் நின்றபடி ஒரே கையால் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். மறு கையால் தாங்கக் கூடாது. இலக்கு 10 மீட்டர் தொலைவில் இருக்கும். பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும்.

துப்பாக்கியின் எடை 1.5 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. ட்ரிகரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடையைத் தூக்கும் அளவு விசை தேவைப்பட வேண்டும். கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது; கையை முழுதாகச் சுற்றிக்கொள்ளவும் கூடாது. போட்டிக்கு முன் இவற்றையெல்லாம் அதிகாரிகள் சோதிப்பார்கள்.

இத்தனை விதிகளுக்கும் நடுவே வீரரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பது கைப்பிடியின் வடிவம். அது ஏன் அவ்வளவு முக்கியம்?

மூன்று தாள் கனம்

துப்பாக்கியின் முன்முனையில் ஒரு சிறு முள் இருக்கும். பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தின் நடுவே முள் தெரியும்படி வைத்துத்தான் குறி பார்ப்பார்கள். இரண்டுக்கும் இடையிலான தூரம் 330 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டரில், அதாவது 10,000 மில்லிமீட்டரில் இருக்கிறது. கணிதப் பாடத்தில் படித்த வடிவொத்த முக்கோணங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 10,000-ஐ 330-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30. முள் பள்ளத்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதுபோல் 30 மடங்கு விலகி ரவை இலக்கில் படும்.

உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம். முள் ஒரு தாள் கனம் விலகினால் ரவை 3 மில்லிமீட்டர் தள்ளிப் படும். மூன்று தாள் கனம் விலகினால் 9 மில்லிமீட்டர். ரவையின் ஓரம் பத்தாம் வட்டத்தைத் தொட்டாலே பத்துப் புள்ளி உண்டு. அதற்கு ரவையின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆக, மூன்று தாள் கனம் போதும், பத்து ஒன்பதாகிவிடும்.

கை முழுவதும் துப்பாக்கியோடு சேர்ந்து 3 மில்லிமீட்டர் நகர்ந்தால், ரவையும் 3 மில்லிமீட்டர்தான் நகரும். அது பெரிய இழப்பு அல்ல. ஆனால் மணிக்கட்டில் துப்பாக்கி சற்றே திரும்பினால் பிழை 30 மடங்காகிறது. கைப்பிடியின் வேலை இந்தத் திருப்பத்தைத் தடுப்பதுதான்.

பெரிய கையின் சிக்கல்

ஒரு நான்காம் படிவ மாணவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஓராண்டில் மளமளவென்று வளர்ந்துவிட்டார். கையும் பெரிதாகிவிட்டது. பயிற்சிக்குக் கிடைத்திருப்பது பலரும் மாறி மாறிப் பயன்படுத்தும் துப்பாக்கி. கைப்பிடி சிறிய அளவு. ரவைகள் இலக்கெங்கும் சிதறுகின்றன. “கைப்பிடி சரியில்லை” என்கிறார். உடனே யாரோ ஒருவர் பழமொழியை எடுத்து வீசுகிறார்: “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!” மாணவர் வாயை மூடிக்கொள்கிறார். தன் கை இந்த விளையாட்டுக்கு ஆகாது என்று எண்ணி ஒதுங்கியும் விடலாம்.

ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்?

பெரிய கை சிறிய கைப்பிடியைப் பிடிக்கும்போது மூன்று சிக்கல்கள் வரும். முதலாவது, ஆள்காட்டி விரல் ட்ரிகரைத் தாண்டி நீண்டுவிடும். விரலின் முதல் கணுவில் உள்ள மெத்தென்ற பகுதியால் ட்ரிகரை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். விரல் அதிகம் உள்ளே போனால் மூட்டு மடிப்பால் இழுக்க நேரும். விரலின் பக்கம் துப்பாக்கியின் உடலில் உரசும். அப்போது பின்னோக்கிப் போக வேண்டிய விசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் தள்ளும். ரவை குழாயை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி திரும்பிவிடும்.

இரண்டாவது, உள்ளங்கைக்கும் மரத்துக்கும் இடையே வெற்றிடம் விழும். தொடும் பரப்பு குறைந்தால் அதே விசை சில இடங்களில் மட்டும் அழுத்தமாகக் குவியும். அந்த இடம் வலிக்கும். துப்பாக்கி கைக்குள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி அமரும்.

மூன்றாவது, நழுவாமல் இருக்க வீரர் இறுக்கிப் பிடிப்பார். இப்போதே கையை மூடி இறுக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். சிரமமாக இருக்கிறதல்லவா? விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் அடுத்தடுத்து இருந்து சேர்ந்தே வேலை செய்கின்றன. மற்ற விரல்கள் இறுகினால் ஆள்காட்டி விரலின் சுதந்திரம் குறையும். இறுக்கம் கூடக் கூட நடுக்கமும் கூடும்.

சராசரிக் கை எங்கே?

எல்லாருக்கும் பொருந்தும்படி நடுத்தர அளவில் ஒரு கைப்பிடி செய்துவிட்டால் போதாதா? இதே போன்ற கேள்வி 1950-இல் அமெரிக்க விமானப்படைக்கு எழுந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் 4,063 விமானிகளின் உடல் அளவுகளை எடுத்துக்கொண்டார். உயரம், மார்பளவு, கை நீளம் போன்ற பத்து அளவுகளில் எத்தனை பேர் சராசரியாக இருக்கிறார்கள் என்று பார்த்தார். பத்திலும் சராசரியாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை! சராசரி மனிதருக்காகச் செய்த விமானி இருக்கை யாருக்குமே சரியாகப் பொருந்தவில்லை. மாற்றியமைக்கக்கூடிய இருக்கைகளை நோக்கி விமானப்படை நகர்ந்தது.

கையும் அப்படித்தான். “பெரிய கை” என்பது ஓர் அளவு அல்ல. சிலருக்கு விரல் நீளம், உள்ளங்கை குறுகல். சிலருக்கு உள்ளங்கை அகலம், விரல் கட்டை. இருவரும் ஒரே கைப்பிடியை வாங்கினால் ஒருவருக்காவது பொருந்தாது.

கையை மாற்ற முடியாது, மரத்தை மாற்றலாம்

கோயில் திருவிழாவில் தவில் வாசிப்பவரின் வலக்கை விரல்களைக் கவனித்திருப்பீர்கள். பசை தடவிய துணியைச் சுற்றி, காயவைத்து, கெட்டியாக்கிய கூடுகள் அவை. அவரவர் விரலுக்கு அவரவர் கூடு. ஒருவருடையது மற்றவருக்குச் சேராது. போட்டிக்கான கைத்துப்பாக்கியின் கைப்பிடியும் அதே வழியில்தான் போகிறது.

இந்தக் கைப்பிடிகளைப் பெரும்பாலும் வால்நட் மரத்தில் செய்கிறார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது எனப் பல அளவுகளில் வருகின்றன. இடக்கைக்காரருக்குக் கண்ணாடிப் பிம்பம் போலத் தனியே உண்டு. தாளில் வரைந்த கையின் உருவத்தைக் கேட்டு வாங்கி, அதற்கேற்பச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். கைப்பிடியின் அடியில் ஒரு தட்டு இருக்கும். கையின் கீழ் விளிம்பு அதில் அமரும்படி ஏற்றி இறக்கலாம். ட்ரிகரையும் முன்னும் பின்னும் நகர்த்தலாம். நீண்ட விரல்காரர் அதை முன்னே தள்ளிக்கொள்வார்.

அதற்கும் பிறகு மிச்சமிருக்கும் வேறுபாட்டை அரமும் உப்புத்தாளும் தீர்க்கும். மரம் குத்தும் இடத்தைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பார்கள். வெற்றிடம் உள்ள இடத்தில் மரப் புட்டியை அப்பி, ஈரமாக இருக்கும்போதே பிடித்துக் கையின் அச்சைப் பதிப்பார்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் பயிற்றுநரின் மேற்பார்வையில், பொறுமையாகத்தான் செய்வார்கள்.

கையையே மாற்ற நேர்ந்த ஒருவரும் உண்டு. ஹங்கேரி இராணுவ வீரர் கரோலி தகாச் வலக்கையால் சுடுவதில் வல்லவர். 1938-இல் பயிற்சியின்போது கையெறி குண்டு வெடித்து அந்தக் கை சிதைந்தது. யாரிடமும் சொல்லாமல் இடக்கையால் பழகினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார்.

கூடமா, ஆட்டமா?

தவறு கைப்பிடியிலா, பயிற்சியிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் அறிவியல் பாடத்தில் ‘கெஜித்துவான்’, ‘கெபெர்சிசான்’ என்று இரண்டு சொற்களைப் படித்திருப்பீர்கள். முதலாவது, உண்மையான மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பது. இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்தாலும் விடை எவ்வளவு மாறாமல் வருகிறது என்பது.

ரவைகள் எல்லாம் நடுவை விட்டு விலகி, ஆனால் ஒரே இடத்தில் நெருக்கமாகப் பட்டால், பிடி ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே இருக்கிறது என்று பொருள். குறி பார்க்கும் பள்ளத்தைத் திருகித் திருத்தினால் போதும். இலக்கெங்கும் சிதறினால்தான் பிடியையும் பயிற்சியையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் சோதனை. பயிற்றுநர் முன்னிலையில் அதே மாணவர், அதே துப்பாக்கி, அதே இலக்கு. கைப்பிடி மட்டும் வேறு. இரண்டிலும் பலமுறை சுட்டு, ரவைகள் பரவிய அகலத்தை அளவுகோலால் அளக்க வேண்டும். பெரிய கைப்பிடியில் அகலம் தெளிவாகக் குறைந்தால் கூடம் கோணல்தான். குறையவில்லை என்றால் மாணவர் இன்னும் பழக வேண்டும். இரண்டில் எது விடையானாலும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடுகிறது.

செய்து பாருங்கள்

இதற்குத் துப்பாக்கி தேவையில்லை. வரைபடத் தாளில் உங்கள் கையை வைத்து உருவம் வரையுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளத்தையும், கட்டை விரலைச் சேர்க்காமல் உள்ளங்கையின் அகலத்தையும் அளந்து குறியுங்கள். நண்பர்கள் பத்துப் பேரின் அளவுகளைச் சேர்த்து இரண்டின் சராசரியையும் காணுங்கள். இரண்டு அளவிலும் சராசரிக்கு இரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பவர் எத்தனை பேர்?

பிறகு, கெட்டியாகப் பிசைந்த சப்பாத்தி மாவை ஒரு குட்டையான மரக்கட்டையைச் சுற்றி அப்பிப் பிடித்துவிட்டுக் கையை எடுங்கள். ஆழமாகப் பதிந்த இடம் அதிக அழுத்தம் பெற்ற இடம். நண்பர் அதே அச்சில் தம் கையை வைக்கட்டும். எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி விழுகிறது என்று இருவரும் பார்க்கலாம். பூப்பந்து மட்டை, ஹாக்கி மட்டை, சைக்கிள் கைப்பிடி எல்லாவற்றிலும் இதே அறிவியல் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். இந்த விளையாட்டில் ஆர்வம் உள்ளவர்கள் பெற்றோரின் அனுமதியோடு, முறையான அரங்கில், பயிற்றுநரின் கண்முன் மட்டுமே பழக வேண்டும்.

கொத்தனார் சுவர் கோணலா இல்லையா என்று யாரோடும் வாதாடுவதில்லை. நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். அடுத்த முறை யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால், நீங்களும் கோபப்படாமல் அளவுகோலை எடுங்கள்.