பெயர் மாறாத வண்டி

மாற்றல் உத்தரவு கைக்கு வந்த நாள் முதல் நம்மவர் இல்லங்களில் ஒரு பரபரப்புத் தொற்றிக்கொள்வது இயல்பு. குழந்தைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், எரிவாயு இணைப்பு, வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் என்று ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வருகையில், வாசலில் நிற்கும் காரைப் பற்றிய நினைவு பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் எழுகிறது. உடன் கொண்டுசென்றால் போகிற ஊரில் மறுபடியும் வரி கட்டவேண்டும். விட்டுச்செல்வதென்றால் யாரிடம் விட்டுச்செல்வது? இந்த இக்கட்டான வேளையில்தான் சாலையோரப் பழைய கார் வியாபாரி கண்ணுக்குத் தெரிகிறார்.

அவருடைய கடையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். டில்லியில் இவ்வணிகத்துக்குக் கரோல்பாக் பெயர்பெற்ற இடம்; அங்கே முறையாக நடத்தப்படும் கடைகளும் உண்டு. ஆனால் நாம் சொல்ல வந்தது பெயர்ப்பலகையே இல்லாத கடைகளை. நடைபாதையை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு கார்கள். முன்கண்ணாடியில் சுண்ணாம்பால் எழுதிய ஆண்டும் விலையும். ஒரு கைப்பேசி எண். மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். இத்தகைய கடை இல்லாத பெருநகரம் இந்நாட்டில் இல்லை என்றே சொல்லிவிடலாம். இவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் என்பது நம் கட்சியன்று. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லும் கைதேர்ந்தவர்கள் இவர்களுள் உண்டு. பேசிய தொகையைப் பேசியபடி எண்ணிக் கொடுப்பவர்களும் உண்டு. நாம் கவனிக்கவேண்டியது அவர்கள் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும், நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கையெழுத்தையே.

வண்டியின் உரிமை மாறுவதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விற்பவர் அறிவிப்பதற்கு 29-ஆம் எண் படிவம். பெயர் மாற்றம் கோருவதற்கு 30-ஆம் எண் படிவம். வியாபாரி இவ்விரண்டிலும் விற்பவரின் கையொப்பத்தை வாங்கிக்கொள்கிறார். வாங்குபவர் பெயர் எழுதவேண்டிய இடமும் தேதி எழுதவேண்டிய இடமும் வெறுமையாக இருக்கின்றன. "கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுங்கள் சார், பேர் மாற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது அவருடைய வாக்குறுதி. சாமான் ஏற்றும் லாரி வாசலில் நிற்கும் நேரத்தில் அதைவிட இனிய சொல் வேறென்ன வேண்டும்!

அவர் ஏன் தம் பெயருக்கே வண்டியை மாற்றிக்கொள்வதில்லை? காரணம் எளிது. தம் பெயருக்கு மாற்றினால் ஒரு முறை கட்டணம். பிறகு வாங்குபவர் பெயருக்கு மாற்ற இன்னொரு முறை கட்டணம். பதிவுச் சான்றில் உரிமையாளர்களின் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். 'இரண்டாம் கை' வண்டி 'மூன்றாம் கை' ஆகிவிட்டால் விலை இறங்கிவிடும். அஃதன்றி, சரக்கு சேவை வரி ஒன்று உள்ளது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய சரக்கு சேவை வரி மன்றம், பதிவு பெற்ற வணிகர்கள் விற்கும் பழைய வண்டிகளுக்கு, கிடைக்கும் இலாபத்தின்மீது 18 விழுக்காடு என ஒரே விகிதத்தைப் பரிந்துரைத்தது. 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் இலாபம் வைத்து விற்கும் வணிகர் ஒன்பதாயிரம் ரூபாய் வரி செலுத்தவேண்டும். தனி மனிதர் ஒருவர் தம் சொந்தக் காரை இன்னொருவருக்கு விற்றால் இவ்வரி இல்லை. ஆகவே, ஏட்டில் பார்த்தால் முதல் உரிமையாளர் நேராகக் கடைசி உரிமையாளருக்கு விற்றதாக இருக்கும். நடுவில் நின்று விலை பேசி, இலாபம் கண்டு, வண்டியை மூன்று மாதம் மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இராது.

அந்த மூன்று மாதங்களில் அந்த வண்டி யாருடையது? சட்டம் இதற்குத் தெளிவாகவே விடை கூறுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் என்பவர் யாருடைய பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே. அச்சட்டத்தின் 50-ஆம் பிரிவு, விற்பவர் அதே மாநிலத்துக்குள் பதினான்கு நாட்களுக்குள்ளும், வாங்குபவர் முப்பது நாட்களுக்குள்ளும் அறிவிக்கவேண்டுமெனக் கூறுகிறது. பணம் கைமாறுவதாலும் சாவி கைமாறுவதாலும் பதிவேட்டில் பெயர் தானே மாறிவிடுவதில்லை.

இதன் கடுமையை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அளித்த தீர்ப்பில் காணலாம். ஒருவர் 2007-இல் தம் காரை விற்றுவிட்டதாகக் கூறினார். வண்டி பல கைகள் மாறியது. எவரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 2009-இல் அந்த வண்டி விபத்துக்குள்ளாயிற்று. அப்போது அதற்குக் காப்பீடும் இல்லை. இழப்பீடு கொடுக்கவேண்டியவர் யார் என்ற கேள்வி பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் வரை சென்று, பின்னர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. கடைசியாக வண்டியை வைத்திருந்தவரே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் கருதியதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பதிவேட்டில் பெயர் நிற்பவரே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர், வண்டி யார் யார் கைக்கு மாறியது என்று ஊர் ஊராகத் தேடி அலைய முடியாது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. நியாயமான கருத்துத்தான். ஆனால் காரை விற்ற பணம் என்றைக்கோ செலவாகிவிட்ட ஒருவருடைய வீட்டுக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்து சேரும்போது, அவருடைய மனைவி மக்கள் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

2025 நவம்பர் 10-ஆம் நாள் டில்லிச் செங்கோட்டை அருகே ஒரு கார் வெடித்துப் பலர் மாண்ட கொடுமை எல்லோர் நினைவிலும் இருக்கும். அரியானாப் பதிவெண் கொண்ட அந்தக் கார் பல கைகள் மாறியிருந்தது. காவல்துறையினர் விசாரணைக்காக முதலில் தேடிச்சென்றவர்களுள் ஒருவர், பதிவேட்டில் பெயர் நின்றவர்; அவரோ வண்டியை முன்பே விற்றுவிட்டவர்.

காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உள்ளது. வண்டி விற்கப்பட்டால் மூன்றாம் நபருக்கான காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் கருதுகிறது. ஆனால் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறுவதில்லை. பெயரை மாற்றாமல் ஓட்டுகிறவர் சுவரில் மோதினால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். வாங்குபவருக்கும் நட்டம் உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

அப்படியிருந்தும் வாங்குபவர்கள் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதற்குப் பெருங்காரணம் வாகன வரியே. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் வாகனங்கள்மீதான வரி மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் விகிதம் வேறு. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் இருந்த விகிதங்களை எடுத்துக்கொள்வோம். எட்டு லட்ச ரூபாய் விலையுள்ள ஒரு புதிய பெட்ரோல் காருக்கு டில்லியில் 7 விழுக்காடு, அதாவது 56,000 ரூபாய். அந்த நவம்பரில் விகிதத்தை உயர்த்திய தமிழ்நாட்டில் 13 விழுக்காடு, 1,04,000 ரூபாய். கர்நாடகத்தில் 14 விழுக்காடு, 1,12,000 ரூபாய், மேல்வரி தனி. ஒரே தொழிற்சாலையில் பிறந்த ஒரே வண்டிக்கு எல்லை தாண்டினால் வரி இரு மடங்கு!

இந்த வேற்றுமை வியாபாரிக்கு ஒரு வரப்பிரசாதம். டில்லியில் மலிவாகக் கிடைக்கும் கார் தெற்கே ஓட்டிவரப்பட்டு, "வரியெல்லாம் கட்டியாயிற்று" என்ற சொல்லோடு விற்கப்படுகிறது. வரி கட்டியது உண்மைதான். ஆனால் அது டில்லிக்குக் கட்டிய வரி. டில்லி வண்டிகள் மலிவதற்கும் ஒரு காரணம் உண்டு. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட கட்டளையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025-இல் அதன் கடுமையை உச்ச நீதிமன்றமே ஓரளவு தளர்த்தியது. ஆயினும், வயது முதிரும் வண்டியை முன்கூட்டியே தள்ளிவிடும் வழக்கம் அதற்குள் வேரூன்றிவிட்டது.

ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் பெறவேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. ஆனால் வரி கேட்பது மாநிலம் அல்லவா? 2014-இல் கர்நாடகம் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி முப்பது நாட்களுக்கு மேல் தங்கினாலே ஆயுட்கால வரி கேட்டது. பெங்களூரில் வேலைக்கு வந்த பிற மாநிலத்தார் பலர் சாலையில் மறிக்கப்பட்டனர், வண்டிகள் பிடிக்கப்பட்டன. 2016 மார்ச்சில் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அத்திருத்தம் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது. புதுச்சேரியின் குறைந்த வரியைக் கருதிப் பொய் முகவரி கொடுத்து விலையுயர்ந்த கார்களை அங்கே பதிந்தவர்கள்மீது 2017-இல் கேரளத்தில் வழக்குகள் எழுந்ததும் நாடறிந்தது. செல்வந்தர் வரிக்கு அஞ்சி முகவரியை மாற்றுகின்றனர். எளியவர் வரிக்கு அஞ்சிப் பெயரை மாற்றாமல் விடுகின்றனர். பின்னதில் இடர்ப்படுபவர், தம் பெயரை வண்டியோடு அனுப்பிவிட்டு எங்கோ குடியிருக்கும் முன்னாள் உரிமையாளர்.

இவ்விடைவெளியை அடைப்பதற்கென்றே நடுவண் அரசு 2022 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் முதல் அது நடப்புக்கு வந்தது. அதன்படி பழைய வண்டி வணிகர், பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெறவேண்டும். சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். உரிமையாளர் தம் வண்டியை அத்தகைய வணிகரிடம் ஒப்படைத்ததை இணையத்தளத்தின் வழியே அறிவித்துவிட்டால், அன்றுமுதல் வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். அதன்பின் அந்த வண்டியால் நேருவதற்கெல்லாம் அவரே பொறுப்பு. சோதனை ஓட்டம், பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கன்றி அவர் அதை ஓட்டலாகாது. ஓட்டிய ஒவ்வொரு பயணத்தையும் பதிந்து வைக்கவேண்டும். நல்ல விதி என்பதில் ஐயமில்லை. மரத்தடி வியாபாரியிடம் அந்தச் சான்று இல்லை. ஆகையால் அந்தக் காவலும் நமக்கு இல்லை.

எனவே ஊர் மாறும் அன்பர்கள் கார் விற்பனையைக் கடைசி வாரத்துக்கு விடாதிருப்பது நலம். அங்கீகாரச் சான்று உள்ள வணிகரா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் கூச்சமொன்றும் வேண்டுவதில்லை. நேரே ஒருவருக்கு விற்பதாயின், அவருடைய பெயரும் முகவரியும் தேதியும் எழுதப்படாத எந்தத் தாளிலும் கையொப்பமிடலாகாது. கடன் வாங்கி வாங்கிய வண்டியென்றால், வங்கியின் சான்றும் 35-ஆம் படிவமும் பெற்று அடமானக் குறிப்பை முதலில் நீக்கிக்கொள்ளவேண்டும். வாங்குபவர் வேறு மாநிலத்தாராயின் என்.ஓ.சி. எனப்படும் தடையின்மைச் சான்றினை நாமே பெற்றுத் தருவது உத்தமம். செலுத்தப்படாத அபராதங்கள் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும் என்பதால், அதையும் முன்பே பார்த்துவிடலாம். அறிவிப்பைக் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டையும், வண்டியை ஒப்படைத்த நாளும் மணியும் எழுதிய ரசீதையும் பத்திரப்படுத்தவேண்டும். சில வாரம் கழித்துப் பரிவாகன் இணையத்தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் உரிமையாளர் பெயரின் சில எழுத்துகள் தென்படும். அவை இன்னும் நம் பெயரின் எழுத்துகளாகவே இருந்தால் உடனே வாங்கியவரைக் கேட்கலாம்.

காரை விற்காமல் உடன் கொண்டுசெல்பவர்கள் புதிய மாநிலத்தில் வரி செலுத்திப் பதிந்தபின், பழைய மாநிலத்தில் எஞ்சிய காலத்துக்கான வரியைத் திருப்பிக் கேட்கலாம். பல மாநிலச் சட்டங்களில் இதற்கு இடமுண்டு. திரும்பி வருவதற்குள் பொறுமை சற்றுச் சோதிக்கப்படும் என்பது வேறு செய்தி.

இனிமேல்தான் வண்டி வாங்கப்போகிறவர்களுக்கு 2021 செப்டம்பர் முதல் இன்னொரு வழி திறந்திருக்கிறது. படைத்துறையினர், நடுவண் மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவனத்தார், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள் ஆகியோர் 'பாரத்' வரிசையில் தம் சொந்த வண்டியைப் பதிந்துகொள்ளலாம். ஊர் மாறினாலும் எண் மாறாது. வரியை இரண்டிரண்டு ஆண்டுகளுக்காகச் செலுத்திவந்தால் போதும். பழைய முறையில் பதிந்த வண்டியையும் இவ்வரிசைக்கு மாற்றிக்கொள்ள 2022 டிசம்பர்த் திருத்தம் வழிசெய்தது. அவ்வண்டியைப் பின்னர் இத்தகுதி இல்லாத ஒருவருக்கு விற்கவும் தடையில்லை. வாங்குபவர் தம் மாநிலத்தின் வரியைச் செலுத்தித் தம் பெயரில் புதிய எண் பெற்றுக்கொள்ளவேண்டும்.