கடைக்காரரின் இடுப்பும் படுக்கும் முறையும்

விடியும் முன் சரக்கு இறக்கி, இரவு பத்து மணிக்கு ஷட்டரை இழுத்து மூடுபவர்கள் நாம். பகலெல்லாம் கல்லாவில் குனிந்து உட்கார்கிறோம். இடையில் மூட்டையும் தூக்குகிறோம். இடுப்பு வலித்தால் மூட்டையைக் குறை சொல்கிறோமே தவிர, இரவில் ஆறேழு மணி நேரம் எப்படிப் படுக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

முதுகெலும்பு கழுத்திலும் இடுப்பிலும் இயல்பாகவே முன்னோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு கெடாமல் படுப்பதே நல்ல முறை.

குப்புறப் படுத்தால் மூச்சு விடுவதற்காகக் கழுத்தை ஒரு பக்கம் திருப்பியே வைக்க வேண்டும். இடுப்பும் அதிகமாக வளையும். இப்பழக்கத்தை விடுவதே மேல். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் சிறு தலையணை வைத்தால் இடுப்பு தளரும். ஆனால் குறட்டை விடுபவர்களுக்கு மல்லாந்து படுப்பது ஆகாது. நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையைக் குறுக்கும்.

ஒருக்களித்துப் படுப்பது பெரும்பாலோருக்கு ஏற்றது. முழங்கால்களைச் சற்று மடக்கி, நடுவே ஒரு தலையணை வையுங்கள். தலைக்கு வைப்பது, தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் இருந்தால் போதும்.

இடப்பக்கம் ஏன்?

கடை அடைத்து, பத்தரை மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு, உடனே படுக்கும் நமக்கு நெஞ்செரிச்சல் புதிதல்ல. இடப்பக்கம் படுத்தால் உணவுக்குழாய் சேரும் இடம் இரைப்பைக்கு மேலாக அமைவதால், அமிலம் மேலேறுவது குறைகிறது. இடக்கைப் பக்கமே படுக்கும்படி தேரையரும் 'பிணியணுகா விதி'யில் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முடியாதவர்கள் எட்டு மணிக்குக் கடையிலேயே நான்கு இட்லியோடு முடித்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வையோ, கை, தாடை வலியோ வந்தால் 'வாயு' என்று சோடா குடித்துப் படுத்துவிடாதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மெத்தையா, தரையா?

இடுப்பு வலிக்குக் கட்டாந்தரையே மருந்து என்பார்கள். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

இலவம் பஞ்சுக்குப் பேர்போன போடிநாயக்கனூர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நன்றாகத் திணித்த இலவம் பஞ்சு மெத்தை போதும். அடிக்கடி வெயிலில் காயவையுங்கள். நடுவில் பள்ளம் விழுந்தால் பஞ்சைப் பிரித்து மறுபடி திணிக்கச் சொல்லுங்கள்.

காலையில் விருட்டென்று எழாமல், ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கிடங்கில் ஈரம் ஏறாமல் இருக்க மூட்டைக்கு அடியில் பலகை போடுகிறோம். அந்த மூட்டைகளின் மேலேயே இரவு படுத்துக்கொள்ளும் கடைப் பையன்களுக்கும் ஒரு மெத்தை, ஒரு தலையணை வாங்கிக் கொடுப்போம். அவர்கள் இடுப்பும் நம் கடையைத் தாங்குகிறது.