வீட்டுத் தோட்டத்துக்கு மினி டில்லர் தேவையா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. கத்தரி, வெண்டை, நாலு வாழை போடலாம். கொத்திக் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. ‘பேசாம ஒரு மெஷின் வாங்கிடலாமா?’ என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், எல்லா தோட்டத்துக்கும் மெஷின் தேவையில்லை.

எவ்வளவு இடத்துக்கு எது?

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. இரண்டு, மூன்று சென்ட்தான் என்றால் மண்வெட்டியே போதும். மெஷினைத் திருப்பவே இடம் இருக்காது. ஐந்து சென்ட்டுக்கு மேல், மண் இளக்கமாக இருந்தால் சிறிய மினி டில்லர் சரிப்படும். களிமண்ணிலும் இறுகிய மண்ணிலும் எடை குறைந்த மெஷின் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே துள்ளும். அங்கே 5 முதல் 7 எச்.பி. திறனுள்ள பவர் வீடர் வேண்டும். வயலுக்கான பெரிய பவர் டில்லர் வீட்டுக்கு வேண்டாம்.

பட்டத்துக்கு ஒருமுறை உழ மட்டும்தான் என்றால், முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். வேளாண் பொறியியல் துறையின் மானியம் விவசாயிகளுக்கானது. நில ஆவணங்கள் கேட்பார்கள். வீட்டு மனைக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

எப்போது ஓட்டலாம்?

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அதுதான் பதம். கையில் ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். சேறாக இருக்கும்போது உழுதால், காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகிவிடும்.

கல், கம்பி, பழைய துணி எல்லாவற்றையும் முதலில் பொறுக்கிவிடுங்கள். தண்ணீர்க் குழாய், மின் ஒயர் புதைந்திருக்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். முதல் ஓட்டத்தில் இரண்டு அங்குல ஆழம் போதும். அடுத்த ஓட்டத்தில் ஆழப்படுத்தலாம். மாவு மாதிரி பொடியாக்கினால் மழைக்குப் பிறகு மேல்மண் ஓடு கட்டிவிடும்.

கோரை இருக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். மெஷின் அதை அழிக்காது. கிழங்கைப் பிரித்துத் தோட்டம் முழுக்கப் பரப்பிவிடும். அருகம்புல்லும் அப்படித்தான். அவற்றைக் கையால் தோண்டி எடுத்த பிறகு ஓட்டுங்கள்.

ஆபத்து எங்கே?

ரிவர்ஸில்! பல வீடர்களில் கத்தியே சக்கரமாகவும் வேலை செய்கிறது. ரிவர்ஸ் போட்டால் சுழலும் கத்தி உங்கள் காலை நோக்கி வரும். பின்னால் சுவரோ மரமோ இருந்தால் ரிவர்ஸ் போடவே கூடாது; இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் திருப்புங்கள். பிடியை விட்டதும் கத்தி நிற்கிறதா என்று கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிற்காவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மெஷின் வேண்டாம்.

லுங்கி, துண்டு, துப்பட்டாவோடு ஓட்டக் கூடாது. கால் முழுக்க மூடும் ஷூ அவசியம். குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். கத்தியில் புல் சுற்றிக்கொண்டால், இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிய பிறகே கை வையுங்கள்.

பராமரிப்பு

புது மெஷின் ஆயில் ஊற்றாமலேயே வரலாம். பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் போச்சு! டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. ஏர் ஃபில்டரில் தூசி சேர விடாதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பட்டத்துக்கு ஸ்டார்ட் ஆவதே சந்தேகம்தான்.