அரை நொடியில் அம்பலமான சதி

கணிப்பொறிகளின் பூட்டுகளையும் சாவிகளையும் பற்றி அளவளாவுவதிலேயே இன்பம் காணும் ஒரு கூட்டத்தார் உலகெங்கும் உளர். இவர்களுட் பலருக்கு இஃது ஊதியம் தரும் தொழிலன்று. பகலெல்லாம் வேறு அலுவல் பார்த்துவிட்டு, இரவில், முகம் பாராத நண்பர்களோடு ‘இந்தப் பூட்டை இப்படித் திறக்க இயலுமோ, அந்தச் சுவரில் எங்கேனும் பொத்தல் இருக்குமோ’ என்று பேசிக்கொண்டிருப்பர். பாதி ஆராய்ச்சி, பாதி வேடிக்கை. அருகிலிருந்து கேட்கும் வீட்டாருக்கோ அது வெட்டிப் பேச்சாகவே தோன்றும்.

அத்தகைய பேச்சில் 2024 ஆம் ஆண்டு முதல் அடிக்கடி தலைகாட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பூட்டைப் பற்றித் தொடங்கும் அந்தப் பேச்சு, முடியும்போது களைத்துப்போன ஒரு மனிதரைப் பற்றியதாக மாறிவிடும். கணிப்பொறியைத் தொட்டும் பாராத சகோதர சகோதரிகளும் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பதால் ஈண்டு விரித்துரைக்கின்றேன்.

ஊதியமில்லாத் தொண்டு

லினக்ஸ் என்பது யாவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓர் இயங்குதளம். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என உலகின் பல துறைகளிலும் திரைமறைவில் ஓயாது இயங்கும் கணிப்பொறிகளுள் மிகப் பல இதனைக் கொண்டே இயங்குகின்றன. இது ஒருவர் செய்த பொருளன்று. ஆயிரக்கணக்கான சிறு மென்பொருள்கள் ஒன்றுகூடிய தொகுதி. அவற்றுள் ‘எக்ஸ் இசட் யூட்டில்ஸ்’ என்பதும் ஒன்று. பெரிய கோப்புகளைச் சுருக்கிச் சிறிதாக்குவதும், வேண்டும்போது விரித்துக் கொடுப்பதும் இதன் வேலை. படுக்கையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டுவது போன்ற எளிய பணிதான். ஆயினும் அது இல்லாத லினக்ஸ் கணிப்பொறியைக் காண்பது அரிது.

இந்த மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பேணி வந்தவர் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஒரு தனி மனிதர். கோடி கோடியாய்ப் பொருளீட்டும் நிறுவனங்களெல்லாம் அவரது உழைப்பைப் பயன்படுத்தின. அவரோ ஓய்வு நேரத்தில், ஊதியமின்றி, இதனைச் செய்து வந்தார்.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஜியா டான்’ என்னும் பெயருடைய ஒருவர் அவருக்கு உதவ முன்வந்தார். சிறு சிறு திருத்தங்களைச் செய்து அனுப்பினார். அவை பயனுள்ளவையாகவும் இருந்தன. 2022 ஆம் ஆண்டில் முன்பின் அறியாத வேறு சிலரிடமிருந்து மடல்கள் வரத் தொடங்கின. பணி ஆமை வேகத்தில் நடக்கிறது, புதிய பொறுப்பாளர் வந்தாலன்றி முன்னேற்றம் இல்லை, முடியாதவர் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பதே முறை என்று அவை குத்திக் காட்டின. இது ஊதியமில்லாப் பொழுதுபோக்குப் பணி என்றும், நெடுநாளாகத் தமக்கு மனநலம் குன்றியிருக்கிறது என்றும் அவர் பணிவாகவே விடையிறுத்தார். அதற்கு ஓர் அனுதாபச் சொல்லைத் தொட்டுக்கொண்டு மீண்டும் அதே வற்புறுத்தல் வந்தது.

இப்படி நச்சரித்தவர்கள் யாவர்? அந்த மடல்களுக்கு முன்னரும் பின்னரும் அப்பெயர்களுக்கு வேறு தடயமே இல்லை. உதவ வந்த கையும் கடிந்துரைத்த வாயும் ஒரே உடலுக்குரியவை என்பது இத்துறையினர் பலரின் ஐயம். மெய்ப்பிக்கப்படவில்லை, எனினும் அவ்வையத்தை எளிதில் தள்ளவும் இயலவில்லை.

மெல்ல மெல்ல ஜியா டான் நம்பிக்கைக்குரியவர் ஆனார். 2023 ஆம் ஆண்டில் புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையும் அவர் கைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான நல்ல திருத்தங்கள் அவர் பெயரில் இன்றும் பதிவாகியுள்ளன. இரண்டாண்டுகளுக்கும் மேலாக, ஒரு தீய செயலுக்காக இத்தனை பொறுமையோடு நற்செயல்கள் புரிந்த இன்னொருவரை நான் கேள்விப்பட்டதில்லை.

டின்னுக்குள் நஞ்சு

2024 பிப்ரவரி 24 அன்று 5.6.0 என்ற பதிப்பும், மார்ச் 9 அன்று 5.6.1 என்ற பதிப்பும் வெளிவந்தன. இரண்டிலும் ஒரு கொல்லைவாசல் ஒளிந்திருந்தது.

ஒளித்த விதத்தைச் சமையற்கட்டு உவமையால் விளக்கலாம். இத்தகைய மென்பொருள்களின் செய்முறை ஊரறிய எழுதி வைக்கப்பட்டிருக்கும்; யாரும் படித்துப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலோர் எடுத்துச் செல்வது செய்முறைத் தாளையன்று. அதன்படி அடைத்து வைக்கப்பட்ட டின்னைத்தான். ஜியா டான் டின்னில் மட்டும் சில வரிகளைக் கூடுதலாகச் சேர்த்தார். ஊரறியக் கிடந்த தாளில் அவ்வரிகள் இல்லை. நஞ்சின் பெரும்பகுதியோ வேறோர் இடத்தில் இருந்தது. கெட்டுப்போன கோப்பு வந்தால் மென்பொருள் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்காக, வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட கோப்புகளைச் சோதனைக்கென வைத்திருப்பது வழக்கம். கெட்டது என்று எழுதி ஒட்டிய சீசாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பார் யார்? சோதனைக் கோப்புகளுக்குள்ளேதான் நஞ்சு வைக்கப்பட்டிருந்தது. டின்னிலிருந்த கூடுதல் வரிகள் அதனை அங்கிருந்து எடுத்துக் கலந்தன.

குறி வைத்தது கோப்புச் சுருக்கத்தையன்று. தொலைவிலிருந்தபடியே ஒரு கணிப்பொறிக்குள் நுழைந்து அதனை ஆள்வதற்கு ‘எஸ்.எஸ்.ஹெச்’ எனப்படும் பாதுகாப்பான தலைவாசல் ஒன்றுண்டு. டெபியன், ஃபெடோரா போன்ற சில லினக்ஸ் வகைகளில், சம்பந்திக்குச் சம்பந்தி என்னும் முறையில், சுற்றிவளைத்து அத்தலைவாசலுக்கும் இந்தச் சுருக்குக் கருவிக்கும் உறவு இருந்தது. அந்த உறவைப் பற்றிக்கொண்டு நஞ்சு தலைவாசலில் போய் அமர்ந்தது. தன்னிடமுள்ள இரகசியச் சாவியைக் காட்டும் ஒருவருக்கு மட்டும், கடவுச்சொல் கேளாமலே கதவைத் திறந்துவிடுவது அதன் பணி. அச்சாவி இல்லாத வேறு திருடர்களுக்குக்கூடத் திறவாது!

புதிய பதிப்பை விரைவில் சேர்த்துக்கொள்ளுமாறு லினக்ஸ் தொகுப்பாளர்களுக்கு வேண்டுகோள்கள் பறந்தன. டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் சோதனை நிலையிலிருந்த பதிப்புகளில் அது நுழைந்தும்விட்டது. உலகம் அன்றாடம் பயன்படுத்தும் நிலைத்த பதிப்புகளை அடைய இன்னும் சிறிது காலமே எஞ்சியிருந்தது.

ஐயம் கொண்ட ஒருவர்

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோருள் ஒருவர். பாதுகாப்புத் துறை தம் துறையன்று என்று அவரே கூறியிருக்கிறார். 2024 மார்ச்சு இறுதியில், தம் மென்பொருளின் வேகத்தைத் துல்லியமாக அளக்கும் பொருட்டு, கணிப்பொறியில் வேறு வேலைகள் குறுக்கிடாதவாறு அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போது தலைவாசல் மென்பொருள் எதிர்பாராத அளவு உழைப்பை விழுங்குவதைக் கண்டார். முன்னர் 0.299 நொடியில் முடிந்த நுழைவு முயற்சிக்கு இப்போது 0.807 நொடி ஆயிற்று. வித்தியாசம் அரை நொடி!

நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? இயந்திரம் பழசு என்போம். நாளைக்குப் பார்க்கலாம் என்போம். அவர் தோண்டினார். சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் பொருந்தாத எச்சரிக்கை ஒன்று வந்தது அவருக்கு நினைவு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, நூலைப் பிடித்துக்கொண்டே போனவர் எக்ஸ் இசட்டின் டின்னுக்குள் போய் நின்றார். மார்ச் 29 அன்று, தாம் கண்டதை உலகறிய எழுதினார்.

அது ஈஸ்டர் விடுமுறைக் காலம். மேற்கத்திய அலுவலகங்கள் பல மூடிக் கிடந்தன. முன்னே சொன்ன ‘வெட்டிப் பேச்சு’க் கூட்டத்தார் அன்றுதான் பேருதவி புரிந்தனர். ஒருவர் ஒரு முடிச்சை அவிழ்க்க, அடுத்தவர் அதிலிருந்து தொடர, சில நாட்களுக்குள் அந்தச் சதியின் பெரும்பகுதி வெளிச்சத்துக்கு வந்தது. யாரும் அவர்களுக்குக் கூலி பேசவில்லை.

அவர்களிடமும் ஒரு குறையைக் கண்டேன். பெயரை வைத்து ஊரைத் தீர்மானிக்கச் சிலர் விரைந்தனர். ஜியா டான் என்றால் சீனர். நச்சரித்து எழுதியவருள் ஒருவரின் பெயர் குமார் என்று முடிந்ததால் இந்தியர். இத்தனை வஞ்சகமாய்ச் சதி செய்தவர் தம் மெய்ப்பெயரையா எழுதி வைத்திருப்பார்? அக்கூட்டத்திலேயே மூத்தவர்கள் இதனைச் சுட்டிக் காட்டினர் என்பது ஆறுதல். பெயரைக் கண்ட மாத்திரத்தில் குற்றம் சாட்டுவோரை நாம் வேறிடங்களிலும் கண்டிருக்கிறோம்.

யாவரும் படிக்கக்கூடிய மென்பொருளில் பிழை ஒளிய முடியாது என்பது இத்துறையில் நெடுங்கால நம்பிக்கை. பொதுக் கிணற்றைத் தூர்வாருவது யாவர் கடமை என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டுவதுதான் உண்மையில் நடப்பது. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும் ஓட்டை வெளிப்பட்டபோதும் இதுவே கதை. அது 2012 முதல் இரண்டாண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. அந்த மென்பொருளுக்காக அப்போது முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. பதறிப்போன பெருநிறுவனங்கள் அவ்வாண்டே ஒரு கூட்டு நிதியைத் தொடங்கின. அதற்கு எட்டாண்டுகள் கழித்துத்தான் பின்லாந்துக்காரர் தம் பணி ஊதியமில்லாதது என்று அந்த மடலில் எழுத நேர்ந்தது.

சதி அம்பலமான நாளில் அவர் இணையத்திலிருந்து விலகி ஓய்விலிருந்தார். மென்பொருள் வைக்கப்பட்டிருந்த தளம், ஜியா டானின் கணக்கோடு அவருடைய கணக்கையும் சேர்த்தே முடக்கிற்று. சில நாட்களுக்குப் பின்னரே திருப்பிக் கொடுத்தது. அவர் எவரையும் ஏசவில்லை. நடந்தவற்றைச் சுருக்கமாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, ஜியா டான் செய்திருந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க அமர்ந்தார். நஞ்சு நீக்கிய 5.6.2 பதிப்பு 2024 மே 29 அன்று வெளிவந்தது.

ஜியா டான் ஒருவரா, பலரா, எந்நாட்டவர் என்பது இன்றுவரை தெரியவில்லை.